கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள்

முட்டையோ உருளைக்கிழங்கோ வேக வைக்கும்போது, தண்ணீர் கொதித்த பிறகும் அடுப்பைப் பெரிதாகவே எரிய விடுபவர்கள் நிறையப் பேர். தளதளவென்று கொதித்தால் சீக்கிரம் வெந்துவிடும் என்று நினைப்பதுதான் காரணம். உண்மையில் அப்படி நடக்காது.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் வெப்பநிலை அங்கேயே நின்றுவிடும். ஊட்டி மாதிரி உயரமான ஊர் என்றால் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அங்கே பருப்பு வேக நேரமாவது அதனால்தான். அதன்பின் நாம் கொடுக்கும் கூடுதல் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கத்தான் போகிறது. இதுதான் உள்ளுறை வெப்பம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 293 கிலோஜூல் போதும். அதே தண்ணீர் முழுவதும் ஆவியாக 2,257 கிலோஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கும் மேல்! அவ்வளவு கேஸும் சமையலறைக் காற்றில் ஆவியாகத்தான் போகிறது.

அதனால் கொதி வந்ததும் சிம்மில் வைத்து, ஒரு தட்டால் மூடிவிடுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தாலே போதும், சூடு குறையவில்லை என்று அர்த்தம். சாதத்துக்கு மட்டும் தட்டைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள், இல்லையென்றால் கஞ்சி பொங்கி பர்னரை அடைத்துவிடும்.

குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரி வரை போகும். அப்புறம் அங்கேயும் இதே கதைதான்: முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடலாம்.