கட்டிலில் கிடந்து தேன்சிட்டு பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். முழங்காலில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறானாம். "பறவை பாக்கிற தையல்கார அக்கா" என்று யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "வாசல் வயர்ல தேன்சிட்டு கூடு கட்டிருக்கு அக்கா. படுத்துக்கிட்டுப் பாத்தா சரியாத் தெரியல. தம்பிய விட்டு ஜன்னல் கம்பில மாத்திக் கட்டச் சொல்லிருக்கேன்."

நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து மைனி, அதாவது அண்ணன் மனைவி, ஓடிவந்தார்.

அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பறவையை விரட்டாதே, கல்லெறியாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் நான் போகவில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசையிலேயே செய்கிற தவறுகள் சில உண்டு. அவற்றில் பாதி நானே செய்தவை.

எனக்கு இடது கால் போலியோ. ஊரில் எல்லாரும் என் வலது காலை 'நல்ல கால்' என்றுதான் சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஆனிச் சாரலில், கல்லிடைக்குறிச்சி வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்து, அந்த நல்ல காலின் தொடை எலும்பு முறிந்தது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன் நடந்தது. பிளேட், ஸ்குரு எல்லாம் உள்ளே. 6 வாரம் தரையில் கால் ஊன்றக் கூடாது என்றார்கள். மற்றவர்கள் என்றால் அடுத்த காலை ஊன்றி ஒற்றைக்காலில் தத்தியாவது போவார்கள். எனக்கு அந்த வழியும் கிடையாது. அழிக்கம்பி போட்ட தார்சாவில், அதாவது வாசல் பக்கத்து வராந்தாவில், கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். வெளியே ஒரு முருங்கை, செம்பருத்தி, துணி காயப்போடும் கொடி. அவ்வளவுதான் உலகம்.

தேன்சிட்டை ஹம்மிங்பேர்ட் என்று சொல்வது

இதில் நான் ரொம்பச் சத்தம் போட முடியாது. எனக்குப் பைத்தியமே முதலில் ஹம்மிங்பேர்ட் மேல்தான். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கிற குட்டிப் பறவை அது. அக்கா மகள் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக் கொல்லையில் அன்னா ஹம்மிங்பேர்ட் வருஷம் முழுக்க வரும். நமக்கு ராத்திரி என்றால் அவளுக்குக் காலை. நான் படுத்திருந்த நாளெல்லாம் வீடியோ காலில் அதைத்தான் காட்டுவாள். சுமார் 4 கிராம் எடை. பறக்கும்போது அதன் இதயம் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கும். குளிர்ந்த ராத்திரிகளில் உடம்புச் சூட்டை இறக்கி, துடிப்பையும் குறைத்து, கிளையில் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். விடியும்போது மெள்ள மெள்ளச் சூடேற்றிக்கொண்டு எழும். அந்தரத்தில் நின்று பறக்கிற வித்தையைவிட, கட்டிலில் கிடந்த எனக்கு இந்தத் தூக்கம்தான் பிடித்துப்போனது.

ஆனால் ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்குமே கிடையாது. நம் வாசலுக்கு வருவது தேன்சிட்டு. வேறு குடும்பம், வேறு வம்சம். பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். அந்திநேரம் நித்தியகல்யாணிப் பூவுக்கு முன்னால் விர்ரென்று ஒன்று அந்தரத்தில் நின்றால், தலையில் உணர்கொம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது விட்டில்.

சீனித்தண்ணீர்

அக்கா மகள் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குப்பி அனுப்பிவைத்தாள். ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நாலு பங்கு தண்ணீர். சாயம் கலக்கக் கூடாது, தேன் ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும் என்று கணக்காகச் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் அவள் ஊருக்குச் சரி. இங்கே முதல் நாள் எறும்பு, இரண்டாம் நாள் குளவி. குளவி தார்சாவுக்குள் வந்துவிட்டது. எழுந்து ஓட முடிந்தவளுக்குக் குளவி ஒரு விஷயமே இல்லை. நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, மைனி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தேன்சிட்டு அந்தக் குப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே முருங்கை பூத்துக் கிடந்தது. அதை விட்டு இதற்கு ஏன் வர வேண்டும்?

நம் வெயிலில் சீனித்தண்ணீர் ஒரே நாளில் புளித்துவிடும். தினமும் குப்பியைக் கழுவி ஊற்ற ஆள் வேண்டும். அந்த ஆளே நமக்கும் எல்லாம் செய்ய வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. செம்பருத்தி வையுங்கள், இட்லிப்பூ வையுங்கள். செம்பருத்தியில் ஒற்றை வாங்குங்கள்; அடுக்குச் செம்பருத்தியில் இதழ்க்கூட்டத்தைத் தாண்டித் தேனுக்கு வழி கிடைப்பது கஷ்டம்.

எழுந்து எட்டிப் பார்ப்பது

கூடாது. டாக்டர் சொன்ன நாள்வரை கூடவே கூடாது.

கூட்டை நம் பக்கம் கொண்டுவருவது

இப்போது அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடி மாதம். ஓட்டுச் சரிவிலிருந்து பழைய கேபிள் வயர் ஒன்று வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்ட ஆரம்பித்தது. கட்டுவது பெண்தான். ஒட்டடையை அலகில் சுற்றிச் சுற்றி எடுத்துவரும். அதில் மரப்பட்டைச் சிலும்பு, காய்ந்த இலை, புழுவின் எச்சம் எல்லாவற்றையும் ஒட்டும். தள்ளி நின்று பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை மாதிரி இருக்கும். பக்கவாட்டில் ஒரு வாசல், அதன் மேல் சின்னத் தாழ்வாரம். உள்ளே இலவம்பஞ்சு மாதிரி மெத்தை. அது ஒட்டடை தேடி அலைந்ததைப் பார்த்த அன்றைக்கே, தார்சாவில் ஒட்டடைக்கம்பு எடுக்கக் கூடாது என்று மைனியிடம் சொல்லிவிட்டேன். நோயாளி பேச்சு என்று அவரும் விட்டுவிட்டார்.

கட்டிலிலிருந்து 12 அடி இருக்கும். அடைகாத்தது தெரிந்தது. குஞ்சு பொரித்ததும் தெரிந்தது: ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சிலந்தியும் புழுவும் கொண்டுவர ஆரம்பித்தன. தேன் குடிக்கிற பறவை என்றாலும் குஞ்சு வளர்வது பூச்சியில்தான். ஆனால் குஞ்சின் வாய் எனக்குத் தெரியவில்லை. அது தெரிய வேண்டும் என்று ஒரு வெறி. வேறு என்ன வேலை எனக்கு?

அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். "ஏலே, அந்த வயர பைய இழுத்து இந்த அழிக்கம்பில கட்டுலே."

"வேண்டாம் அத்தை, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பதினாலு வயசுப் பையனுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. அதட்டிக் கட்டவைத்தேன். மூன்றடி தூரத்தில் கூடு. இரண்டு மஞ்சள் வாய் அழகாகத் தெரிந்தது.

தாய் வந்தது. வாயில் ஒரு சிலந்தி. நேரே பழைய இடத்துக்குப் போனது. கூடு இருந்த அந்த வெற்றிடத்தின் முன்னால் சிறகடித்து அந்தரத்தில் நின்றது. போனது, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. ஹம்மிங்பேர்ட் மாதிரி ஒரு பறவை அந்தரத்தில் நிற்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருஷமாக ஆசைப்பட்டிருப்பேன். அன்றைக்குப் பார்த்தேன்.

குஞ்சுகளின் சத்தம் கேட்டு, சாயங்காலம் புது இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அதனால் 'மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கும் அப்படித்தான் ஆறுதல் சொன்னார்கள். தாய் சேர்த்துக்கொண்டது. குஞ்சுகளைக் கொன்றது இடம்.

பழைய இடத்தில் வயர் அந்தரத்தில் தொங்கியது. நாலு பக்கமும் பிடிமானம் கிடையாது. அணிலும் பூனையும் எட்ட முடியாது. அதற்காகத்தான் அந்தப் பறவை அந்த நுனியைத் தேர்ந்தெடுத்திருந்தது. நான் அதைக் கொண்டுபோய் அழிக்கம்பியில், ஏணி மாதிரி ஏறிவர வசதியாகக் கட்டிவைத்தேன். அதோடு கூட்டின் வாசலும் திரும்பிவிட்டது. முன்பு கிழக்கு பார்த்து இருந்தது. இப்போது மேற்கு. ஆடிக்காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கல்லிடைக்குறிச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாரல் நேராக உள்ளே அடித்தது.

மூன்றாம் நாள் விடியற்காலம் கூடு கிழிந்து தொங்கியது. ராத்திரி ஜன்னல் திட்டில் பூனை நடமாடிய சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் நான் எழ முடியாது. மைனியைக் கூப்பிட்டிருக்கலாம், நடுராத்திரி மூன்று தடவை ஏற்கெனவே எழுப்பியிருந்தேன், கூச்சப்பட்டுக் கிடந்துவிட்டேன். காலையில் மைனி வந்து பார்த்துவிட்டு, "சவத்த விடு, அடுத்து கட்டும்" என்றார். கட்டத்தான் செய்யும், ஆனால் அது வேறு குஞ்சு.

பார்க்க வேண்டுமானால் கட்டிலைத் திருப்பச் சொல்லுங்கள். அல்லது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். அதைத் தார்சாவின் உட்பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் ஆண் தேன்சிட்டு தன் பிம்பத்தோடு நாள்பூராவும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கூடு தானாக அறுந்து விழுந்துவிட்டால் மட்டும் கை வைக்கலாம். அதே இடத்தில், வாசல் அதே திசை பார்க்கக் கட்டிவிட்டு, எல்லாரும் உள்ளே போய்விட வேண்டும். அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். முறிந்த எலும்பு ஒன்றுசேர ஆகிற காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அம்பாசமுத்திரத்துப் பையன் கூட்டை மாற்றவில்லை. தம்பி டியூஷன் போயிருந்ததால் தப்பித்தது.

போனில் பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவது

வேண்டாம்.

பெரிய பைனாக்குலர்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் என்று வாங்கிவிடுவார்கள். படுத்தபடி தூக்கிப் பிடித்தால் கை நடுங்கும். பத்து மடங்கு என்றால் நடுக்கமும் பத்து மடங்கு. எட்டு போதும். உட்காரலாம் என்று சொன்ன பிறகு, வாக்கரைக் கட்டில் பக்கம் நிறுத்தி அதன் மேல்கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். வாக்கரின் சக்கரம் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முருங்கையை வெட்டுவது

கம்பளிப்பூச்சி விழுகிறது என்று மைனி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். போன மழைக்கு ஒன்று என் வாக்கரிலேயே ஏறி, கைப்பிடிவரை வந்துவிட்டது. உள்ளங்கையெல்லாம் தடிப்பு, இரண்டு நாள் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. மரம் இருக்கிறது.