விவாகரத்து வழக்கில் பணம் எங்கே கரைகிறது?

விவாகரத்து மனுவுக்கு நீதிமன்றம் வாங்கும் கட்டணம் சொற்பம். வக்கீல் கட்டணமும், வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டு அலைகிற செலவும்தான் ஆளைச் சாய்க்கின்றன. அதில் பாதியை நாமே இழுத்துப் போட்டுக்கொள்கிறோம் என்பது, நீதிமன்ற வராந்தாவில் பல ஆண்டுகள் நின்று பார்த்தவன் என்ற முறையில் என் எண்ணம்.

ஒரு தம்பதி. பிரிவதில் இருவருக்கும் சம்மதம். ஜீவனாம்சத் தொகை பேசியாயிற்று. பிள்ளையை அப்பா எப்போது பார்ப்பது என்பதும் முடிவாயிற்று. சீர்வரிசைப் பட்டியலில் வந்து நின்றது வழக்கு: இரண்டு வெண்கலப் பானை, ஒரு பீரோ, ஒரு கிரைண்டர். கிரைண்டர் கல்லில் விரிசல். அது வாங்கும்போதே இருந்ததா, புகுந்த வீட்டில் விழுந்ததா என்று நான்கு வாய்தா ஓடியது. கணவர் ஒவ்வொரு முறையும் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து போனார். "அந்த டிக்கெட் காசுக்குப் புதுசாகவே வாங்கியிருக்கலாமே" என்ற குமாஸ்தாவை இரு வீட்டாரும் சேர்ந்து முறைத்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

அடுத்த தவறு, கோபத்தில் மனுமேல் மனுவாகப் போடுவது. ஒவ்வொன்றுக்கும் தனி வாய்தா, பெரும்பாலும் தனிக் கட்டணம். அடி, உதை, மிரட்டல் இருந்தால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தை நாடத் தயங்கவே கூடாது. ஆனால் மூன்று இடத்தில் ஜீவனாம்சம் கேட்டால் மூன்று மடங்கு கிடைக்காது. ஓரிடத்தில் உத்தரவான தொகையை மற்ற இடத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல், ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சொல்லிவிட்டது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான். அதில் சம்பளத்தை மறைத்தால், வங்கிக் கணக்கை வரவழைக்க எதிர்த்தரப்பு மனுப் போடும். அதற்குப் பதில் மனு எழுதும் செலவு மறைத்தவர் தலையில் விழும்.

கட்டணத்தை வாய்ப்பேச்சோடு விடுவதும் தவறு. மொத்தத் தொகையா, வாய்தாவுக்கு இவ்வளவா, இடைக்கால மனுவுக்கும் குறுக்கு விசாரணைக்கும் தனியா என்று வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடலாம். பார் கவுன்சில் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. கட்டணப் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் வக்கீலுக்கு உரிமை இல்லை. இது 2000ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதற்காக ஆண்டுக்கு ஒரு வக்கீலை மாற்றாதீர்கள். புதியவர் கட்டை முதலிலிருந்து படிப்பார், அதற்கும் சேர்த்துத்தான் வாங்குவார்.

வாட்ஸ்அப் உரையாடலை நானூறு பக்கம் அச்செடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. திருமண நாள், பிரிந்த நாள், இடையில் நடந்த முக்கியமானவை என்று தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

பரஸ்பர சம்மதத்துக்கு வழியிருந்தும் வழக்காடுவதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த தவறு. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில், ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுச் செய்யலாம். இறுதி உத்தரவுக்கு முந்தைய ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ஜீவனாம்சமும் பிள்ளை விவகாரமும் பேசி முடிந்திருக்க வேண்டும். பேசியதை எழுத்தில் வையுங்கள்: தொகை எந்தத் தேதியில், பள்ளிக் கட்டணம் யார், எந்த வழக்கை யார் திரும்பப் பெறுவது. கிரைண்டரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யத் தனி மனு, தனிச் செலவு.

கையில் காசே இல்லாதவர்கள் வழக்குச் செலவை மறுதரப்பிடம் கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இடம் தருகிறது, கணவனும் கேட்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். தொலைபேசி எண் 15100. மாவட்ட நீதிமன்றத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். நகையை அடகு வைத்துவிட்டு வரும் பெண்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் நடந்து போகிறார்கள்.