மெட்டல் கூலிங் கிளாஸை வளைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூலிங் கிளாஸ் நழுவுகிறது என்று யாராவது நீட்டினால் போதும், கண்ணாடிக் கடையில் வேலை பழகுகிற தம்பிகளின் கை யோசிக்காமல் மூக்கில் உட்காரும் நோஸ் பேடுக்குப் போய்விடுகிறது. வீட்டில் தானே சரிசெய்து பார்ப்பவர்களும் அங்கேதான் கை வைக்கிறார்கள். லென்ஸில் கைரேகை, தளர்ந்த திருகாணி போன்ற சில்லறைப் பிழைகள் கிடக்கட்டும். ஃப்ரேமையே காவு வாங்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம். இங்கே சொல்வதெல்லாம் ஏவியேட்டர் மாதிரிக்கு: மெல்லிய கம்பிச் சட்டம், பின்பக்கம் கம்பியில் நிற்கும் இரண்டு நோஸ் பேட், முனையில் பிளாஸ்டிக் உறை போட்ட காதுக்கம்பி.

நழுவுகிறது என்று நோஸ் பேடை நெருக்குவது

இரண்டு பேடையும் விரலால் அழுத்தினால் ஃப்ரேம் கொஞ்சம் மேலேறும். சரியாகிவிட்டது போலத் தெரியும். வெயிலில் நடந்து வியர்த்ததும் மறுபடி இறங்கும், மறுபடி அழுத்துவார்கள். கடைசியில் பேடின் பரப்பு மூக்கில் படியாமல் விளிம்பு மட்டும் குத்தி, இருபுறமும் சிவந்த பள்ளம் விழும்.

பேடின் வேலை எடையைப் பரப்பித் தாங்குவது. முன்னால் ஓடும் ஃப்ரேமை இழுத்துப் பிடிப்பது காதுக்குப் பின்னால் இருக்கும் வளைவு. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காது. கம்பி காதின் மேல்விளிம்பைத் தாண்டியவுடன் கீழ்நோக்கி வளையத் தொடங்க வேண்டும். அந்த வளைவு 1 செ.மீ. பின்தள்ளி இருந்தால் ஃப்ரேம் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் முன்னால் வந்தே தீரும், மூக்கை எவ்வளவு நெருக்கினாலும். வளைவு முன்கூட்டியே தொடங்கினால் காதின் வேரில் அழுத்தி, சாயங்காலத்துக்குள் வலி எடுக்கும்.

அடுத்தது நெற்றிப்பொட்டு. கம்பி காதுக்குச் சற்று முன்புதான் தலையைத் தொட வேண்டும். ஃப்ரேம் குறுகலாக இருந்து நெற்றிப்பொட்டிலேயே இறுக்கினால், தலை பின்னால் போகப்போக அகலமாவதால் அந்த இறுக்கமே ஃப்ரேமை முன்னால் தள்ளும். ஈர சோப்பை இரு விரலால் நசுக்கினால் எகிறுகிற கணக்குத்தான். இதற்கு மருந்து கம்பிகளை வெளிப்பக்கம் விரிப்பது. இறுக்கினால் நிற்கும் என்று பெரும்பாலானோர் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

சரி, பேடை நெருக்கினால் என்ன நஷ்டம்? பேடைத் தாங்கும் கம்பி, லென்ஸ் வளையத்தின் பின்புறம் ஒரு சிறு புள்ளியில்தான் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே, வெளியே, திரும்ப உள்ளே என்று ஆட்ட ஆட்ட உலோகம் கெட்டிப்பட்டு, ஒரு நாள் அந்தப் புள்ளியிலேயே ஒடியும். அதைச் சரிசெய்ய லென்ஸைக் கழற்ற வேண்டும். சுடர் பட்ட இடத்தில் முலாம் கருகும். டைட்டானியமாக இருந்தால் சாதாரணப் பற்றவைப்பு பிடிக்காது, லேசர் வெல்டிங்குக்கு அனுப்ப வேண்டும். மலிவான ஃப்ரேமுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. இதைவிட எரிச்சலூட்டுவது, ஒடிந்ததைச் சூப்பர் க்ளூவால் ஒட்டிக்கொண்டு வருவது. ஒட்டும் நிற்காது, பசையின் ஆவி லென்ஸில் வெள்ளைப் படலமாகவும் படிந்திருக்கும்.

பேடைத் தொடவே கூடாது என்று இல்லை. காது வளைவும் அகலமும் சரியான பிறகும் லென்ஸ் கன்னத்தில் இடித்தால், பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் வீதம் நெருக்கிப் பார்க்கலாம். பற்றவைத்த அடிப்புள்ளியை ஊசிமூக்குக் குறடால் தாங்கிக்கொண்டு, கம்பியின் யூ வடிவ வளைவில் மட்டும் அசைக்க வேண்டும். முடித்ததும் முன்னிருந்து பாருங்கள்: பேடுகளின் மேல்முனைகள் நெருங்கியும் கீழ்முனைகள் விலகியும் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் முகத்தை ஒட்டிய விளிம்புகள் அகன்றிருக்க வேண்டும். பேடை நகர்த்தினால் ஃப்ரேம் நிற்கும் தூரமும் மாறும், எனவே காது வளைவை மறுபடி சரிபார்க்க வேண்டும். அதிகம் வியர்ப்பவர்களுக்கு 13 மி.மீ. கெட்டி பிளாஸ்டிக் பேடை எடுத்துவிட்டு 15 மி.மீ. சிலிக்கான் பேட் போட்டாலே பாதித் தொல்லை தீரும்.

கோணலுக்குத் தப்பான கம்பியை வளைப்பது

முதலில் கம்பிகளை விரித்து, தலைகீழாகச் சமமான மேசையில் வைக்க வேண்டும். இரண்டு கம்பியும் மேசையைத் தொட்டால் ஃப்ரேம் நேராக இருக்கிறது. ஆனால் அது தொடக்கம்தான். பலருக்கு இரு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. முகத்தில் நேராக நின்றால், மேசையில் ஆடினாலும் பரவாயில்லை.

முகத்தில் வலப்பக்கம் உயர்ந்திருந்தால் வலக்கம்பியை மேல்நோக்கி வளைக்க வேண்டும், தாழ்ந்திருந்தால் கீழ்நோக்கி. நேர்மாறாகத் தோன்றும், போட்டுப் பார்த்தால் புரியும். வல லென்ஸ் முகத்துக்கு அருகே இருந்தால் வலக்கம்பியை உள்ளே, தள்ளி இருந்தால் வெளியே.

லென்ஸைப் பிடித்துக்கொண்டு வளைக்காதீர்கள். கீலுக்கு முன்னால், சட்டத்தின் ஓரத்தை நைலான் வாய்க் குறடால் பிடித்து, இன்னொரு குறடால் கம்பியை அசைக்க வேண்டும். கண்ணாடி லென்ஸ் என்றால் ஓரம் சில்லு தெறிக்கும். போலராய்டு பிளாஸ்டிக்கில் ஓரத்திலிருந்து படலம் பிரியலாம்.

காது முனையைச் சூடாக்காமல் வளைப்பது

உறை முதலில் வெளுக்கும், பிறகு வெடிக்கும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து, முனைக்கு மட்டும் காட்ட வேண்டும். லென்ஸை ஈரத்துணியால் மூடிவிடுங்கள். சூடு பட்டால் மெர்குரி கோட்டிங்கில் (முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் பூச்சு) சிலந்திவலை மாதிரி விரிசல் ஓடும்.

ஸ்பிரிங் கீலைத் திருகுவது

வேண்டாம். ஸ்பிரிங் போனால் கம்பியையே மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லா மெட்டலும் ஒன்று என்று நினைப்பது

நிக்கல்-செம்புக் கலவையான மோனெல் சொன்னபடி வளைந்து அங்கேயே நிற்கும். டைட்டானியம் திரும்பி வரும், அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து விட வேண்டும். நிக்கல்-டைட்டானியக் கலவையான மெமரி மெட்டலோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, அதில் சாதாரண உலோகமாக விட்டிருக்கும் பகுதிகளை மட்டும் பாருங்கள். அலுமினியத்தை ஒரு தடவை வளைக்கலாம். திரும்ப நேராக்கும்போது ஒடிந்தால் ஆச்சரியமில்லை.

திருகாணிக்கு லாக்டைட்

திருகாணி கழலாமல் பிடிக்கப் போடும் இந்தப் பசை வழிந்து பாலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்ஸில் பட்டால் ஓரம் விரிசல் விடும். கீல் திருகாணியின் தலையில் ஒரு துளி நகப்பூச்சு போதும், அதுவும் லென்ஸில் படாமல்.