பழைய ராக் வீடியோவில் வாசிக்கப்படும் சிந்தசைசர் எது? கண்டுபிடிக்கும் முறை

சிந்தசைசர் என்பது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கீபோர்டு. அது எந்த மாடல் என்று கண்டுபிடிக்க, எடுத்தவுடன் பிராண்ட் பெயரைத் தேடாதீர்கள். பழைய டேப்பிலிருந்து வந்த படத்தில் எழுத்துதான் முதலில் கரையும். பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டிப் படம் பிடிப்பதும் உண்டு. மங்கலான படத்திலும் தெரிபவை மூன்று: எத்தனை கட்டைகள், கட்டைகளுக்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது, முகப்பில் இருப்பது சுழற்றும் திருகா, நேர்கோட்டில் நகர்த்தும் ஸ்லைடரா, வெறும் பொத்தானா.

யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் முன்னே போகும்; காற்புள்ளி விசை பின்னே கொண்டுவரும். கேமரா அசையாத நொடிகளில் ஐந்தாறு படங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு பேஸ் டிரம்மைப் பாருங்கள். நேரெதிரே தெரியும் ஷாட்டில் அதன் முகம் முட்டை வடிவில் இருந்தால், பழைய டிவியின் 4:3 அளவுப் படத்தை அகலமாக இழுத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் நீளத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. கறுப்புக் கட்டைகளின் கூட்டங்களை எண்ணுங்கள். இரண்டு, மூன்று என்று அவை மாறி மாறி வரும். 61 கட்டைக் கீபோர்டில் இரட்டைக் கூட்டம் ஐந்து, மூன்று கட்டைக் கூட்டம் ஐந்து. 37 கட்டையில் ஒவ்வொரு வகையிலும் மூன்று கூட்டம். மோக் கம்பெனியின் மினிமோக் சிந்தசைசரில் 44 கட்டை; அது ‘எஃப்’ சுரத்தில் தொடங்கி ‘சி’யில் முடிவதால் மூன்று கட்டைக் கூட்டம் நான்கு, இரட்டைக் கூட்டம் மூன்று. இரு ஓரங்களிலும் மூன்று கறுப்புக் கட்டைகள் நிற்பதைப் பார்த்தாலே சந்தேகம் பாதி தீர்ந்துவிடும். மிச்சப் பாதியை அதன் முகப்பு தீர்க்கும்: கீல் வைத்த அந்தப் பலகையை நிமிர்த்தி வைத்தால், எதிரே நிற்கும் கேமராவுக்குக் கட்டைகளை மறைத்தபடி அதன் முதுகு தெரியும்.

அடுத்தது இடப்பக்கம். எனக்கு இதுதான் மிக நம்பகமான அடையாளம், ஏனென்றால் சுரத்தை வளைக்க (வாசிக்கும்போதே சற்று ஏற்றி இறக்க) ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு வழி வைத்திருந்தது. மினிமோக், புராஃபெட்-5, யமஹா டிஎக்ஸ்7 மூன்றிலும் இரண்டு சக்கரங்கள். ரோலண்டில் பக்கவாட்டில் தள்ளும் ஒற்றை நெம்பு. ஓபர்ஹைம் ஓபி வரிசையில் இரண்டு குட்டி நெம்புகள். வாசிப்பவரின் இடது கை என்ன செய்கிறது என்று பாருங்கள்: விரல் முன்னும் பின்னும் உருட்டினால் சக்கரம், கட்டைவிரல் பக்கவாட்டில் தள்ளினால் ரோலண்ட் என்று தேடலாம்.

இனி முகப்பு. மரப்பக்கங்கள் கொண்ட 61 கட்டைக் கீபோர்டுகளில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முகப்பு முழுக்க ஸ்லைடர் என்றால் ரோலண்டின் ஜூனோ-6 அல்லது ஜூனோ-60 (இரண்டும் 1982). திருகு என்றால் புராஃபெட்-5 (1978) அல்லது கோர்க் பாலிசிக்ஸ் (1981). ஜூனோ-6-இல் ஒலிகளைச் சேமிக்கும் நினைவகம் கிடையாது, ஆகவே ஒலி எண்ணைக் காட்டும் சிவப்பு இலக்கங்கள் ஒளிர்ந்தால் அது 60. மரமே இல்லாத ஜூனோ என்றால் 1984-இன் 106. கட்டைகளுக்கு மேலே ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பொத்தான் வரிசை ஓடினால் ரோலண்டின் ஜூப்பிட்டர்-8 (1981). கறுப்பு முகப்பில் நீலக் கோடுகள் என்றால் ஓபி-எக்ஸ்ஏ அல்லது ஓபி-8. கோடுகளை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்துவிடாதீர்கள். வீடியோ 1983-க்கு முந்தையது என்று உறுதியானால் ஓபி-8-ஐத் தள்ளிவிடலாம். திருகே இல்லாமல் அடர்பழுப்பு உடலில் தட்டையான பச்சைப் பொத்தான்கள் வரிசைக்கு 16 வீதம் இரண்டு வரிசை இருந்தால் டிஎக்ஸ்7 (1983). அதே சாயலில் பொத்தான் குறைவாக இருந்தால் டிஎக்ஸ்9-ஐச் சந்தேகியுங்கள். 37 கட்டை, முகப்பெங்கும் ஸ்லைடர் என்றால் ஆர்ப் ஒடிஸி: ஆரம்ப மாடல் வெள்ளை, பிறகு கறுப்பில் பொன்னிற எழுத்து, கடைசியில் கறுப்பும் ஆரஞ்சும். நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். மேடை விளக்கு வெள்ளையை எளிதாக மஞ்சளாக்கிவிடும்.

சில வீடியோக்களில் படம் இடவலம் புரட்டப்பட்டிருக்கும். 61 கட்டையில், வாசிப்பவரின் இடது ஓரத்தில் இரட்டைக் கறுப்பும் வலது ஓரத்தில் மூன்று கறுப்பும் இருக்கவேண்டும். மாறியிருந்தால் புரட்டிய படம். ஆனால் கேமரா வாசிப்பவருக்கு எதிரே நிற்கும்போது அவரது இடப்பக்கம் திரையின் வலப்பக்கத்தில் வரும். அதைப் புரட்டல் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். மினிமோக்கில் இந்தச் சோதனை பலிக்காது, இரு ஓரமும் ஒன்றுபோல் இருப்பதால். அங்கே சக்கரங்கள் எந்தக் கைப்பக்கம் என்று பாருங்கள்.

வெள்ளைப் பெட்டியில் 35 கட்டை மட்டும் இருந்தால் அது மெல்லோட்ரான் எம்400. சிந்தசைசர் அல்ல, உள்ளே ஒலி பதிந்த டேப் ஓடுகிறது.

கிட்டார்போலத் தோளில் மாட்டி வாசிக்கும் கீபோர்டுக்கும் இதே எண்ணும் முறைதான். 32 கட்டையும் ஸ்லைடரும் இடது ஓரத்தில் கைப்பிடியும் இருந்தால் ரோலண்ட் எஸ்ஹெச்-101. 37 கட்டை கொண்ட யமஹா கேஎக்ஸ்5-க்குச் சொந்த ஒலியே கிடையாது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற தகவலைக் கடத்தும் மிடி கேபிள் வழியாக வேறொரு கருவியை இயக்கும். அதை அடையாளம் கண்டபின் கேபிளைப் பின்தொடர்ந்து பின்னணியில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். கேபிளே இல்லையென்றால் அவர் பெரும்பாலும் வாயசைப்பைப் போலக் கையசைக்கிறார். பாட்டில் கேட்கும் ஒலியை வேறு கருவியில் பதிவு செய்திருக்கவும் கூடும்.