திரைப்பாட்டுத் தொகுப்புக்கு நாமே அட்டைப்படம் செய்வோம்

பழைய கேசட்டில் இருந்த படப் பாட்டுகளைக் கணினியில் ஏற்றி, அப்படியே போனிலும் போட்டு வைத்திருப்பீர்கள். பாட்டு நன்றாகத்தான் ஒலிக்கும். திரையில் மட்டும் ஒரு சாம்பல் கட்டம், நடுவில் ஓர் இசைக்குறி. இல்லாவிட்டால் மூலையில் ஏதோ இணையதளத்தின் பெயர் அடித்த, மங்கிப்போன நாயகன் முகம். அந்தப் பாட்டுகளுக்கு இதைவிட நல்ல முகம் வேண்டும். வரையத் தெரிய வேண்டும் என்றில்லை. போன் கேமராவும், கணினியில் இலவசமாகக் கிடைக்கும், படங்களைத் திருத்த உதவும் கிம்ப் (GIMP) மென்பொருளும் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். போஸ்டரின் வேலை ஆளைத் தியேட்டருக்கு இழுப்பது. அதனால் அதில் நடிகர் முகம் பெரிதாக இருக்கும். பாட்டின் அட்டைக்கு அந்த வேலை இல்லை. கேட்கும்போது மனதில் என்ன விரிகிறதோ அதைத்தான் அது காட்ட வேண்டும். ஆகவே படத்தின் ஸ்டில்லைத் தேடி அலையாதீர்கள். ஸ்டில்லுக்கு வேறு உரிமையாளர் இருப்பார். நீங்கள் எடுத்த புகைப்படம் உங்களுடையது, நாலு பேருக்குக் காட்டவும் தயங்க வேண்டாம்.

முதல் வேலை: கேட்பது

தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள். கையில் தாளும் பேனாவும் இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே என்ன பொழுது, என்ன இடம், என்ன நிறம் என்று மட்டும் எழுதுங்கள். நடிகர் பெயர், காட்சி எதுவும் வேண்டாம். முடிந்ததும் பாருங்கள். ஐந்து பாட்டில் மூன்றுக்குத் தண்ணீரும் விடியலும் வந்திருந்தால், உங்கள் அட்டை அதுதான். ஒரு பொருள், ஒரு முதன்மை நிறம். தொடக்கத்தில் இதை மீறவே வேண்டாம்.

அளவு

கிம்ப்பில் 3000 × 3000 பிக்சல் சதுரம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். போனுக்கும் சிடி அட்டைக்கும் தாராளம். 12 அங்குல இசைத்தட்டு உறைக்கு அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 3800-ல் தொடங்குங்கள்.

படம்

இங்கேதான் நம் ஊர் கைகொடுக்கிறது. விடியலும் தண்ணீரும் என்றால் திருநெல்வேலி குறுக்குத்துறைக்குப் போங்கள். தாமிரபரணிக்குள் கல்லில் நிற்கும் முருகன் கோயிலைக் காலை வெயில் ஏறுவதற்குள் எடுத்தால் நிழல் மென்மையாக விழும். போனில் சதுர அளவை வைத்துக்கொண்டு, மேல் மூன்றில் ஒரு பங்கை வெறும் வானமாக விடுங்கள். தலைப்பு அங்கேதான் உட்காரும். படத்தைப் பார்க்கும்போது காலியாகத் தெரிகிறதே என்று நெருங்கிப் போய்விடாதீர்கள்.

கோபமும் வெக்கையுமான பாட்டுகளா? திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு. செம்மணலும் நீல வானமும் சேர்ந்து இரண்டே நிறத்தில் பாதி வேலையை முடித்துவிடும். ஒற்றைப் பனை ஒன்று கிடைத்தால் போதும். துள்ளலான புதுப் பாட்டுகளுக்குப் பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பத்தமடைப் பாய் இருக்கலாம். ஜன்னலோரம் விரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் கோரையின் ஒவ்வொரு இழையும் எழும்பித் தெரியும். அந்தப் படத்தை கிம்ப்பில் தனி லேயராக, அதாவது தனி அடுக்காக, மேலே வைத்து, கலக்கும் முறையைப் பெருக்கல் (Multiply) என மாற்றி, அடர்த்தியைக் (Opacity) கால்வாசிக்குக் குறையுங்கள். பழைய காகித அட்டையின் சொரசொரப்பு வந்துவிடும். எனக்குக் கடையில் வாங்கும் டெக்ஸ்சர் எதையும்விட இது பிடிக்கும்.

எழுத்து

பெரும்பாலான அட்டைகள் கெடுவது இங்கேதான். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கவிவனார், கட்டமரான் எல்லாம் இலவச யூனிகோட் எழுத்துருக்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு வேண்டாம். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டாதீர்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் எனப் பிரிந்து நிற்கும். தலைப்பு இரண்டு வரி என்றால் வரிகளை ஒட்டவும் வைக்காதீர்கள். மேல்வரியில் இருக்கும் ‘ழு’வின் வால் கீழ்வரி ‘கி’யின் கொக்கியில் முட்டும்.

என் விருப்பம் கையெழுத்துதான். தமிழ் சினிமாத் தலைப்புகள் தூரிகையில் வளர்ந்தவை. தடித்த பிரஷ் பேனாவால் வெள்ளைத்தாளில் பத்துப் பதினைந்து முறை எழுதி, நல்லதை மட்டும் போனில் படமெடுங்கள். கிம்ப்பில் லெவல்ஸ் கருவியால் தாளை முழு வெள்ளையாகவும் மையை முழுக் கறுப்பாகவும் ஆக்குங்கள். அப்புறம் வெள்ளையை நீக்கி, வேண்டிய நிறத்தை ஊற்றலாம்.

முன்பக்கத்தில் படத்தின் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் போதும். பாடலாசிரியர்களையும் பாடகர்களையும் பின்பக்கத்தில் கட்டாயம் போடுங்கள். பாட்டெழுதியவர் யாரென்று தெரியாமலே பாட்டைப் பாடித் திரிகிறோம், அது எனக்குப் பொறுக்காது.

சுருக்கிப் பார்ப்பது

கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டையராஜுவின் காலண்டர் படங்களைக் கவனியுங்கள். உருவம் நடுவில், பின்னணி அடக்கம். கூடத்தின் மறுகோடியில் நின்றாலும் எந்தச் சாமி என்று தெரியும். உங்கள் அட்டைக்கும் அதுவே சோதனை. 64 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். பொருள் எது, தலைப்பு எது என்று புரியாவிட்டால் ஏதோ ஒன்று அதிகம் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

பாட்டில் சேர்ப்பது

மூலக் கோப்பை அப்படியே சேமித்துவிட்டு, 800 பிக்சலில் ஒரு ஜேபெக் நகல் எடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் படம் தனித்தனியாக ஏறும் என்பதால் சிறியது நல்லது. படத்தைப் பாட்டுக் கோப்புக்குள் ஏற்றும் மென்பொருள் விண்டோஸில் எம்பி3டேக், லினக்ஸில் ஈஸிடேக். பாட்டுகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, படத்தை இழுத்துப்போட்டுச் சேமித்தால் ஆயிற்று.

சிடிக்கு அச்சடிப்பதானால் அட்டை 12 செ.மீ. சதுரம். வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாகப் படத்தை நீட்டி, 12.6 செ.மீ. ஆகக் கொடுங்கள். எழுத்து எதுவும் ஓரத்தை ஒட்டி நிற்க வேண்டாம். திரையில் பளிச்சென்ற பச்சையும் நீலமும் அச்சில் கொஞ்சம் மங்கும். அதனால் அச்சகத்தில் முதலில் ஒரு பிரதி மட்டும் எடுக்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.