கராஜில் ஒரு கேட்டர்ஹாம் செவன்

இங்கிலாந்தில் கிட் கார், அதாவது உதிரி பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார், கட்ட ஆசைப்பட்டால் முதலில் கராஜைக் காலி செய்யுங்கள். 1957இல் லோட்டஸ் நிறுவனம் கொண்டுவந்த செவன் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் வாரிசுதான் நான் கட்டிய கேட்டர்ஹாம் செவன். பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பிரித்ததும் கை துறுதுறுக்கும். பொறுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் பட்டியலோடு ஒப்பிட்டு, அளவு வாரியாகப் பழைய ஜாம் பாட்டில்களில் போடுங்கள். எனக்கு இதற்கே ஒரு சனி, ஞாயிறு போனது.

முன் சஸ்பென்ஷன் சுலபம். எஞ்சின்தான் படுத்தும். கியர்பாக்ஸோடு சேர்த்தே, பின்பக்கம் தாழச் சாய்த்து, கிரேனில் மெல்ல இறக்க வேண்டும். மூன்று பேராவது வேண்டும்: கிரேனுக்கு ஒருவர், சாய்வைப் பிடிக்க ஒருவர், கீழே படுத்துக் குரல் கொடுக்க ஒருவர். சேஸிஸ் குழாய்களில் பழைய போர்வையைச் சுற்றிவையுங்கள். நான் சுற்றவில்லை, அந்தக் கீறல் இன்றும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) முறுக்கிய நட்டுக்கு உடனே மஞ்சள் பெயிண்ட் கோடு. கோடு இல்லையென்றால் முறுக்கவில்லை என்றுதான் கணக்கு. இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

அடுத்து ஐவிஏ சோதனை: கட்டிய கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று அரசு பார்ப்பது. வெளியே துருத்தும் விளிம்புகளைத் தடவிப் பாருங்கள், 2.5 மி.மீ. ஆரமாவது உருண்டிருக்க வேண்டும். நட்டுகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி மாட்டுங்கள். தேறிய பிறகுதான் பதிவும் நம்பர் பிளேட்டும்.