மூடிக்கெடக்கற மில்லு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தைப் படம் எடுக்கறது எப்படி? புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

கோயமுத்தூர்ல இருந்து திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சின்னு எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஜன்னல் வழியா ஒண்ணாவது கண்ணுல படும். கேட்டுல துருப்பிடிச்ச பூட்டு, உள்ள வேப்பமரம் கூரையைத் தாண்டி வளந்திருக்கும், செவுத்துல பேரு பாதி உதிர்ந்திருக்கும். நான் கொஞ்ச வருசமா இதையெல்லாம் எடுத்துட்டு இருக்கேன், எப்படி ஆரம்பிக்கறதுன்னு நெம்ப பேரு கேக்கறாங்க, அதனால எனக்குத் தெரிஞ்சதை வரிசையா எழுதறேன். போன் கேமராவே போதும்ங்க.

முதல் படி: கேமரா இல்லாம போங்க

முதல் தடவை கேமராவை வீட்லயே வெச்சுட்டுப் போங்க, இதை நான் கண்டிப்பாவே சொல்றேன். கேட்டுக்கு எதிர்ல ஒரு டீக்கடையோ சலூனோ இருக்கும், மில்லு ஓடறப்ப ஷிப்ட் விட்ட கூட்டம் அங்கதான் நின்னிருக்கும். உக்காந்து ஒரு டீ சொல்லிட்டு "ஏனுங்ணா, இந்த மில்லு எப்ப நின்னுச்சு"ன்னு கேட்டாப் போதும், எங்க அப்பாரு அங்கதான் இருந்தாரு, ராத்திரி சங்கு ஊதினா இந்த ரோடே முழிச்சுக்கும்னு ஆரம்பிச்சு யாரு இப்ப ஓனரு, கேஸ் ஏதாச்சும் இருக்கா, வாட்ச்மேன் யாருங்கற வரைக்கும் வந்துரும்.

வாட்ச்மேன் கைல நூறு ரூபாயைத் திணிச்சு உள்ள போறது மட்டும் வேண்டாம். விஷயம் தெரிஞ்சா உங்களுக்கு ஒரு திட்டோட போயிரும், அவருக்கு வேலையே போயிரும். ஓனருக்கு ஒரு பக்கம் லெட்டர் எழுதுங்க, யாரு, எத்தனை பேரு, எந்தத் தேதி, எவ்வளவு நேரம், எதையும் தொட மாட்டோம், எடுத்த படத்துல ஒரு செட் உங்களுக்குத் தர்றோம்னு. அந்தக் கடைசி வரிக்காகவே எனக்கு நிறைய எடத்துல சரின்னு சொல்லிருக்காங்க. ஓனரு யாருன்னே தெரியலைன்னா சர்வே நம்பரை வெச்சு வி.ஏ.ஓ ஆபீஸ்ல அ பதிவேட்டுல (எந்த நிலம் யாரு பேருல இருக்குன்னு எழுதி வெச்ச ரிஜிஸ்டர்) பாக்கலாம். அரசு கட்டடம்னா 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டு, எந்தத் துறை கைல இருக்கு, எப்ப கட்டினது, எப்ப காலி பண்ணினாங்கன்னு கேளுங்க.

ரெண்டாவது: பழசைத் தேடறது

நம்ம பக்கம் தேடறவங்க மாட்டிக்கற ஒரு எடம் இருக்கு. ஈரோடு 1979 வரைக்கும் கோயமுத்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு, அப்புறம்தான் பெரியார் மாவட்டம்னு பிரிஞ்சுது. திருப்பூர் 2009லதான் தனி மாவட்டம், கரூர் 1910 வரைக்கும் கோயமுத்தூரோட சேர்ந்தது. அதனால ஈரோட்டுப் பக்கம் ஒரு பழைய ஆஸ்பத்திரியைப் பத்தி சென்னை எழும்பூர்ல இருக்கற அரசு ஆவணக் காப்பகத்துல தேடினா ஈரோடு மாவட்டம்னு பாத்தா கெடைக்காது, கோயமுத்தூர் மாவட்டம்னு பாக்கணும்.

மில்லுன்னா கட்டடமே பாதி சொல்லும். ஸ்டேன்ஸ்ங்கற வெள்ளைக்காரத் துரை கோயமுத்தூர்ல ஆரம்பிச்ச மில்லு 1888ல வந்துச்சு, ஆனா ஊரு பூரா மில்லா மாறினது 1932ல நீலகிரி பைக்காரால தண்ணில இருந்து எடுத்த கரண்ட் வந்ததுக்கு அப்புறம்தான். அதனால ஒசரமா புகைபோக்கி நின்னா அது பெரும்பாலும் நீராவி இஞ்சின்ல ஓடின காலத்து மில்லு. கீழ விழுந்து கெடக்கற சீமை ஓட்டோட அடிப்பக்கத்தையும் பாருங்க, கம்பெனி பேரு அச்சடிச்சிருக்கும். பாசல் மிஷன்கற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டு பேக்டரி தொடங்கினது 1865ல, முதல் உலகப் போருக்குப் பின்னாடி அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயிருச்சு, அதனால பாசல் மிஷன் பேரு இருந்தா அந்த ஓடு பெரும்பாலும் அப்படிக் கைமாறறதுக்கு முந்தினதா இருக்கும். பழைய ஓட்டை எடுத்துப் புதுக் கட்டடத்துல வேயறதும் உண்டு, ஓட்டை மட்டும் வெச்சு முடிவு பண்ணிராதீங்க. பாத்துட்டு இருந்த மாதிரியே திருப்பி வெச்சிருங்க.

மூணாவது: உசுரு

தனியா போகாதீங்க. நான் அதிகமா பயப்படறது பாம்புக்குக் கூட இல்ல, கிணத்துக்குத்தான். நம்ம ஊரு கிணறு எவ்வளவு ஆழம்னு உங்களுக்கே தெரியும், சுத்துச்செவுரு இடிஞ்சு மேல செடி மூடியிருந்தா கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது, அதனால புதர்ல ஒரு குச்சியால தட்டிப் பாத்துட்டுத்தான் காலை வைக்கணும். மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கூரை) போட்ட மாடில ஏறவே வேண்டாம், உத்திரத்தைக் கரையான் தின்னிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தூசி இருக்கும், அதுக்கு என்95 மாஸ்க் பத்தாது, பி100 ஃபில்டர் வெச்ச மாஸ்க் போடுங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் காத்துல ஷீட்டெல்லாம் பறக்கும், அந்த மாசத்தை விட்டுருங்க.

நாலாவது: வெளிச்சமும் செட்டிங்கும்

ஸ்பின்னிங் மில்லு கூரை ரம்பப் பல்லு மாதிரி இருக்கும், கண்ணாடி எல்லாம் வடக்குப் பாத்து. நேர் வெயில் விழாம நாள் பூரா ஒரே சீரா வெளிச்சம் வரணும்னு அப்படிக் கட்டினாங்க, நூலு பாக்கறதுக்காக வந்த அந்த வெளிச்சம் இப்ப நமக்குப் படம் எடுக்க அருமையா இருக்கு. ஆனா மே, ஜூன், ஜூலைல நம்ம ஊர்ல உச்சி வெயில் வடக்குப் பக்கம் இருந்து வரும், அப்ப மத்தியானம் தரைல வெயில் பட்டை பட்டையா விழும். சீரா வேணும்னா தை, மாசில போங்க, பட்டை வேணும்னா மே மாசம்.

ட்ரைபாட் வெச்சு ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்தை வாங்கற அளவு) 100, எஃப் (லென்ஸ் எவ்வளவு தொறக்குதுங்கற அளவு) 8, கை பட்டு ஆடாம இருக்க 2 செகண்ட் டைமர். ஜன்னல் வெளுத்துப் போச்சுன்னா ஒண்ணு இருட்டா, ஒண்ணு சரியா, ஒண்ணு வெளிச்சமா மூணு எடுத்துச் சேத்துக்கலாம். பெரும்பாலான போன்ல எஃப்பை மாத்த முடியாது, அதை விட்டுருங்க, மத்ததெல்லாம் ப்ரோ மோடுலயே வரும். தூண் சாயாம கேமராவை நேரா புடிங்க. அப்புறம் கேட்டுல இருந்து வலப்பக்கமாவே சுத்துங்க, ஒவ்வொரு ரூம்லயும் முதல்ல முழு ரூம், அப்புறம் ஒவ்வொரு செவுரு, கடைசியா சின்னச் சின்னது, செவுத்துல கிறுக்கின கணக்கு, ஷிப்ட் போர்டு, சுவிட்சு. சின்னதுக்குப் பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு எடுத்தா அளவு தெரியும். வீட்டுக்கு வந்த அன்னைக்கே பைலுக்கு ரூம் பேரும் நம்பரும் போட்டுருங்க.

நெட்ல போடறப்ப ஜி.பி.எஸ் தகவலை அழிச்சிருங்க, தேக்குக் கதவுக்கும் செம்புக் கம்பிக்கும் அலையறவங்க அதைப் பாத்துட்டு வருவாங்க. பேய் பங்களான்னு தலைப்பு போட வேண்டாம். அந்தச் செவுத்துக்குப் பின்னாடி லைன் வீட்ல (தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின வீடு) இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க, அவங்க வாழ்க்கைல பாதி அதுக்குள்ளதான் போயிருக்கு.

அஞ்சாவது: படத்தை எடுத்துட்டுத் திரும்பப் போங்க

இதைத்தான் யாரும் செய்யறதில்ல, இதுலதான் எல்லாமே இருக்கு. போன்ல காட்டாதீங்க, போஸ்ட்கார்டு சைசுல ப்ரிண்ட் போட்டு அந்த லைன் வீட்டுக்குக் கொண்டு போங்க.

ஒரு மில்லுல சின்ன ரூம் ஒண்ணு, உத்திரத்துல வரிசையா இரும்புக் கொக்கி. ஃபேன் மாட்டற கொக்கின்னு நெனச்சு ஸ்டோர் ரூம் 7னு பேரு போட்டு வெச்சிருந்தேன். ரீலிங்ல (நூலைச் சுத்தற பிரிவுல) வேலை பாத்த ஒரு பாட்டிம்மா அந்த ப்ரிண்டைக் கைல வாங்கி, கண்ணுக்குக் கிட்ட கொண்டு போய் சித்த நேரம் பாத்துட்டு, "ஃபேன் இல்லீங் கண்ணு, தொட்டில். எம்பையன் இந்த மூணாவதுலதான் தூங்குவான், பத்து மணிக்கு ஓடி வந்து பால் குடுத்துட்டுப் போவோம்"னாங்க. அப்புறம் தேடிப் பாத்தா 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே இருந்திருக்கு, 50 பொம்பளைங்களுக்கு மேல வேலை செஞ்சா கொழந்தைங்களுக்கு ஒரு ரூம் கட்டிக் குடுக்கணும், 1976ல அதை 30னு கொறச்சாங்க.

அன்னைக்கு ராத்திரியே பைல் பேரை மாத்தினேன். இப்ப அது, கொழந்தைங்க ரூம், தொட்டில் கொக்கி, இடமிருந்து மூணாவது.